உருண்டை வந்த வீடு

ஜாவித் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு ஜெயங்கொண்டம் போனவன், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவந்தான். பெட்ரோல் டேங்க் மேல் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் பூப்போட்ட தலையணை உறை ஒன்று, வாயில் இறுக்கமாக முடிச்சுப் போட்டிருந்தது. ஜெயங்கொண்டம் பக்கம் போனால் முந்திரிப்பருப்பு வாங்கிவருவது அவன் வழக்கம் என்பதால், அவன் மனைவி ஹபீபா சந்தோஷமாகக் கையை நீட்டினாள். அவன் மெல்லத் தடுத்தான். உறை தானாக அசைந்தது, தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பதைப்போல.

காசிநாதனின் பாம்பு என்று அவன் சொன்னான். காசிநாதன் குவைத்தில் அவனோடு ஒரே அறையில் படுத்துக் கிடந்த சிநேகிதன். ஊருக்குத் திரும்பியதும் ஆசைப்பட்டுச் சென்னையில் வாங்கியது, அரசாங்கத்தில் முறையாகப் பதிவு செய்தது. இப்போது அவனுக்குத் திடீரென்று ஓமன் விசா வந்துவிட்டது. அவன் அம்மா பாம்பு இருக்கும் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று மகள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். பெயர் மாற்றத்தை எல்லாம் செய்துகொடுத்து, ஜாவித்தின் கையைப் பிடித்துக்கொண்டு, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறான். இவனும் சரி என்று வந்துவிட்டான்.

“என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்று ஹபீபா கத்தினாள்.

ஜாவித் தலையை ஆட்டி, “ம்” என்றான்.

அவனுக்குக் காது கேட்காது. முழுக்கக் கேட்காது என்றில்லை. லாரி ஹாரன் அடித்தால் எங்கோ கிணற்றுக்குள் அடிப்பதுபோல் விழும். பேச்சு விழாது. குவைத்தில் கம்ப்ரஸர் அறையில் எத்தனையோ வருஷம் நின்றதில் வந்த வினை. ஊருக்கு வந்தபிறகு திருச்சியில் காட்டி, காதில் வைக்கும் கருவியும் வாங்கினார்கள். அதை வைத்தால் தட்டு விழும் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் மண்டைக்குள் இடிக்கிறது என்று சில நாளிலேயே கழற்றி பீரோவில் போட்டுவிட்டான். சொந்த ஊரான லெப்பைக்குடிக்காட்டில் சொந்தபந்தங்களுக்கு நடுவில் இருக்கவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் சிரிக்க வேண்டியிருந்தது. சுண்ணாம்புக்கல் எடுக்கும் சுரங்கத்தின் ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் பழுது பார்க்கும் வேலை கிடைத்ததும், ரெட்டிபாளையத்துக்கு வெளியே ஒதுங்கி நின்ற ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்துவிட்டார்கள். மகள் இன்ஷா திருச்சியில் ஹாஸ்டலில் படித்தாள்.

ஹபீபா பேச்சுக்காரி. பிறந்த வீட்டில் அவளை ரேடியோ என்பார்கள். இங்கே வந்து முதல் சில மாதங்கள் தொண்டை கிழியக் கத்திப் பேசிப் பார்த்தாள். அவள் என்ன குழம்பு வைக்கிறாள் என்பது ஊருக்கே தெரிந்தது. அவனுக்கு மட்டும் தெரியவில்லை. எதைச் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு “ம்”. பிறகு அவளும் விட்டுவிட்டாள். சோறு, டீ, கேஸ் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான் பேச்சு. அதுவும் பாதி கை சாடையில்.

பாம்புக்கு ஜாவித் ஒரு பெட்டி செய்தான். ஒர்க்‌ஷாப்பில் கிடந்த பலகையில் நீளமாக, முன்பக்கம் கண்ணாடி வைத்து, மேலே கொக்கி போட்ட வலை மூடியோடு. ஒரு பக்கத்துக்கு அடியில் சூடு தரும் தகடு, அந்தச் சூடு மீறாமல் பார்த்துக்கொள்ளும் கருவி. மறுபக்கம் குளிர்ச்சி. பாம்பு தனக்கு வேண்டியபோது வேண்டிய பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளுமாம். தேங்காய் நார்த்தூளை ஈரமாக்கிப் பரப்பினான். இரண்டு மண்சட்டிகளின் விளிம்பில் வாசல்போல அறுத்து, பக்கத்துக்கு ஒன்றாகக் கவிழ்த்து வைத்தான். தண்ணீருக்கு ஒரு கனமான கிண்ணம். அவன் இவ்வளவு நிதானமாக, இவ்வளவு ஆசையாக எதையாவது செய்து ஹபீபா பார்த்து நாளாகியிருந்தது. அதனாலேயே சண்டையைத் தொடர அவளுக்கு மனம் வரவில்லை. செத்த எலிகளைத் தன் ஃபிரிட்ஜில் வைக்கவிடமாட்டேன் என்று மட்டும் நின்றாள். அவன் எங்கிருந்தோ ஒரு பழைய குட்டி ஃபிரிட்ஜைத் தூக்கிவந்து பின்கட்டில் வைத்தான். திருச்சிக் கடையிலிருந்து உறைந்த எலிகள் தெர்மாகோல் டப்பாவில் பஸ்ஸில் வந்து இறங்கின.

முடிச்சை அவிழ்த்ததும் பாம்பு பெட்டிக்குள் வழிந்தது. வழிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஹபீபாவின் மணிக்கட்டுத் தடிமன். கருத்த பழுப்பில் தேன் சிந்தியதைப்போலத் திட்டுத் திட்டாகப் பொன்னிறம். தொட்டதும் ஓடவோ சீறவோ இல்லை. தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு, தன்னைத்தானே சுற்றி, பந்துபோல ஆகிவிட்டது. காசிநாதன் அதற்கு உருண்டை என்று பெயர் வைத்திருந்தான்.

புது இடத்துக்கு வந்த பாம்பை முதல் சில நாட்களுக்குத் தொடக்கூடாது, அடிக்கடி போய்ப் பார்க்கவும் கூடாது, அதுவாக இடத்தைப் பழகிக்கொள்ள வேண்டும் என்று இன்ஷா இணையத்தில் படித்துவிட்டு போனில் சொன்னாள். பெட்டிக்குள் ஈரம் குறைந்தால், தோல் சரியாக உரியாவிட்டால் என்ன ஆகும் என்றும் வரிசையாகச் சொன்னாள். ஹபீபா அரைக்காதில் கேட்டுக்கொண்டாள். புது இடத்துக்கு வந்தவர்களைப் பற்றி இவ்வளவு யோசிக்கும் உலகமா இது என்று அவளுக்கு இருந்தது.

காலையில் பால் கொண்டுவரும் சிந்தாமணிக்குத்தான் அவள் முதலில் விஷயத்தைச் சொன்னாள். சிந்தாமணி இரண்டு மாடு வைத்திருந்தாள். அந்த ஊரில் ஹபீபாவோடு நின்று நாலு வார்த்தை பேசுகிறவள் அவள் ஒருத்திதான். கடிக்கிற பாம்பில்லை, விஷமில்லை, ஆப்பிரிக்கா ஊருப் பாம்பு, பேரு பால் பைத்தான் என்று ஹபீபா விளக்கினாள். சிந்தாமணி கேட்டுக்கொண்டு போனாள். மறுநாள் வழக்கமான பாலோடு ஒரு சின்னச் செம்பு தனியாக வந்தது.

“இது அதுக்கு. பால் பாம்புன்னியே, பாய் வூட்டு தங்கச்சி. காய்ச்சாம வையி.”

பந்துக்குத்தான் இங்கிலீஷில் பால் என்பார்கள் என்று ஹபீபா சொல்லிப் பார்த்தாள். சிந்தாமணி நம்பவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டுவிட்டுப் போனாள். அந்தப் பாலில் ஹபீபா டீ போட்டுக் குடித்தாள்.

ஜாவித் வேலைக்குப் போனபிறகு வீட்டில் அவளும் பாம்பும்தான். மத்தியான வெயிலில் அந்த ஊர் முழுக்க வெள்ளையாகக் கிடக்கும். வேப்பிலைமேல், துணிக்கொடிமேல், ஜன்னல் கம்பிமேல் எல்லாம் சுண்ணாம்புத் தூள் படிந்து, எல்லாமே பாதி அழிந்த படம்போல மங்கித் தெரியும். வீட்டுக்குப் பின்னால் மண்ணைக் கிளறினால் கல்லாகிப்போன சிப்பிகள் வரும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். ஹபீபா தொழுதுவிட்டுத் தரையில் தலையணை போட்டுப் படுப்பாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சட்டிக்குள்ளிருந்து பாம்பின் முகம் மெல்ல வெளியே வரும். இமையில்லாத கண்கள் அவளைப் பார்க்கின்றனவா, பார்க்கவில்லையா என்று தெரியாது. பக்கவாட்டில் மூச்சு ஏறி இறங்கும், மிக மிகத் தாமதமாக. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் அவள் மூச்சும் தாமதமாகும். கண் செருகும். பாதித் தூக்கத்தில் அறைக்குள் தண்ணீர் நிறைவதுபோல இருக்கும். சத்தமில்லாத, பச்சையான தண்ணீர். அதில் பீரோ மிதக்கும், அவள் மிதப்பாள், பாம்பும் நீந்தும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது.

அப்போதுதான் வெடி வைப்பார்கள். முதலில் சுரங்கத்தின் சங்கு ஊதும். கொஞ்ச நேரம் உலகமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பிறகு எங்கோ அடியிலிருந்து ஒரு உதறல் வந்து வீட்டைக் கடந்து போகும். ஜன்னல் கண்ணாடி கிணுகிணுக்கும். ஹபீபாவுக்கு அது பழகிவிட்டது.

பாம்பு சாப்பிடவில்லை. முதல் தடவை ஜாவித் எலியை வெந்நீரில் வைத்து, சூடாக்கி, துடைத்து, நீளமான இடுக்கியில் பிடித்துச் சட்டி வாசலில் காட்டினான். பாம்பு நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. ஒரு வாரம் விட்டு மறுபடியும் காட்டினான். மறுபடியும் அப்படித்தான். இந்த வகைப் பாம்புகள் மாதக்கணக்கில்கூடச் சாப்பிடாமல் இருக்கும், பயப்பட வேண்டாம் என்றாள் இன்ஷா. காசிநாதனும் ஓமனிலிருந்து அதையே எழுதி அனுப்பினான். ஆனாலும் ஜாவித்தின் முகம் வாடிப்போனது. சூட்டைப் பார்ப்பான், ஈரத்தைப் பார்ப்பான், கண்ணாடி முன்னால் குந்தி உட்கார்ந்திருப்பான். அவன் தோள்கள் கூனியிருப்பதைப் பார்க்க ஹபீபாவுக்குத் தாங்கவில்லை. அவனிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் சங்கு ஊதும்போது அவள் தற்செயலாகப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாம்பு சட்டிக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தாடையை வைத்திருந்தது. வெடி அதிர்ந்தது. அடுத்த கணம் அதன் உடம்பு முழுக்கச் சுருங்கி, இறுகி, பந்தாகிவிட்டது. ஹபீபா கையைப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். பெட்டி இருந்தது பழைய இரும்பு டிரங்கின் மேல். வெடி அடங்கிய பிறகும் அந்தத் தகரம் தேனீக்கூடுபோல ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது.

காதில்லாத பிராணி. உடம்பு முழுக்க வயிற்றைத் தரையில் வைத்துக்கொண்டு வாழ்வது. அதற்கு இது எப்படி இருக்கும் என்று அவள் யோசித்தாள். வெடிக்குப் பயந்துதான் அது சாப்பிடவில்லை என்பது அவளுக்கு மட்டுமே தெரிய முடியும். ஜாவித் அந்த நேரத்தில் வீட்டிலேயே இருந்ததில்லை.

மறுநாள் சிந்தாமணி பால் கொண்டுவந்தபோது, பெட்டியைத் தூக்க ஒரு கை கொடுக்கும்படி ஹபீபா கேட்டாள். சிந்தாமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி ஒரு முனையைப் பிடித்தாள். ஹபீபா இன்னொரு முனையை. டிரங்கை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் பழைய இலவம்பஞ்சு மெத்தையை மடித்துப் போட்டு, அதன்மேல் ஒரு பலகை வைத்து, பெட்டியை இறக்கினார்கள். சூட்டுத் தகட்டின் ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஹபீபா வலை மூடியைத் தூக்கினாள். மறுபடி மூடியும் வைத்தாள். கொக்கியை மாட்ட மறந்துவிட்டாள்.

அன்று வெடி வைத்தபோது பாம்பு அசையவே இல்லை. ஹபீபா நிம்மதியாகப் படுத்து, பச்சைத் தண்ணீருக்குள் நன்றாக ஆழமாக இறங்கிப் போனாள். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு சட்டிக்கு அடியிலும் ஒன்றும் இல்லை.

ஜாவித் வந்ததும் அவள் அழுதுகொண்டே திறந்த மூடியைக் காட்டினாள். அவன் திட்டவில்லை. மெத்தையைப் பார்த்தான், ஓரமாகக் கிடந்த டிரங்கைப் பார்த்தான், புரிந்ததா என்று தெரியவில்லை. கதவை எல்லாம் சாத்தச் சொல்லிச் சாடை காட்டினான். கட்டிலுக்கு அடியில், அரிசி டின்னுக்குப் பின்னால், துவைக்கப் போட்ட துணிக் குவியலில், ஷூக்களுக்குள் தேடினார்கள். பிறகு அவன் கொல்லைப் பக்கம் போய்க் கற்களைப் புரட்ட ஆரம்பித்தான். அங்கே போயிருந்தால் கீரியோ பூனையோ விடாது. அது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

ஹபீபா வீட்டுக்குள் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தாள். உள்ளறை மூலையில் இன்வெர்ட்டர் இருந்தது. அதன் பக்கத்தில் போனபோது லேசாக வெக்கை அடித்தது. குனிந்து பார்த்தாள். ஒயர்களுக்கு நடுவில், ஒயர்களைவிடக் கனமாக, தேன் திட்டுகள் தெரிந்தன. உருண்டைதான். ஆனால் உருண்டையாக இல்லை. நீண்டு, சுவரில் ஒயர் வெளியே போகப் போட்டிருந்த ஓட்டைக்குள் தலையை விட்டிருந்தது. அந்த ஓட்டைக்கு அந்தப் பக்கம் சாக்கடை.

“ஏங்க” என்று கூப்பிட்டாள். “ஏங்க, இங்க வாங்க.”

கொல்லையில் கல் புரளும் சத்தம் கேட்டது. இன்னும் பலமாகக் கூப்பிட்டாள். கல் புரளும் சத்தம் நிற்கவில்லை. ஓடிப்போய் அவனைக் கூட்டிவரலாம். அதற்குள் பாம்பு இன்னும் ஒரு சாண் உள்ளே போய்விட்டால்? அது மெல்லத்தான் போனது, அவசரமே இல்லாமல். ஆனால் போய்க்கொண்டே இருந்தது.

பிஸ்மில்லாஹ் என்று சொல்லி அவள் இரண்டு கையையும் கீழே கொடுத்தாள்.

வழுவழுவென்று இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. உலர்ந்து, மெத்தென்று, வெதுவெதுப்பாக, வெயிலில் காய்ந்த பட்டுத்துணியைத் தொடுவதுபோல இருந்தது. உள்ளே ஒரு பலம் மெல்ல நகர்ந்தது. இழுக்கக்கூடாது, தாங்கத்தான் வேண்டும் என்று இன்ஷா சொன்னது நினைவுக்கு வந்தது. தாங்கினாள். வரும்வரை காத்திருந்தாள். பாம்பு யோசித்தது. பிறகு ஓட்டையிலிருந்து தலையை எடுத்துத் திரும்பி, அவள் மணிக்கட்டை ஒருமுறை சுற்றி, மடியில் இறங்கி, அங்கேயே சுருண்டுகொண்டது. ஹபீபா சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. பாம்பு அதையும் கேட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்ததும், நெஞ்சை அமைதிப்படுத்தப் பார்த்தாள்.

ஜாவித் வாசற்படியில் வந்து நின்றான். கையெல்லாம் மண். அவன் முகத்தில் பயத்தைப் பார்த்து, அவள் பாம்பு அதிராமல் இருக்க உடம்பை அசைக்காமல், குரலை எழுப்பாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

“பயப்படாதீங்க. மடியிலதான் இருக்கு. மெதுவா வாங்க.”

“மெதுவாத்தான் வரேன்” என்றான் ஜாவித்.

வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவனும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், விலகாமல்.

“மத்தியானம் சாப்பாடு எப்படி இருந்துச்சு?” என்று அதே மெதுவான குரலில் கேட்டாள்.

“புளிசாதம் நல்லாருந்துச்சு. உப்புதான் கம்மி.”

“என்னைக்காச்சும் சொல்லியிருக்கீங்களா?”

அவன் கையிலிருந்த மண்ணைத் துடைத்தான். “நீ கத்துனா உன் வாயி கோணிக்குது, ஹபீபா. என்ன சொல்றேன்னு புடிபடாது. இவ நம்ம மேல கோவமாத்தான் இருக்கான்னு நெனச்சு நான் மூஞ்சியத் திருப்பிக்குவேன். இப்ப நல்லாத் தெரியுது.”

அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் மடி குலுங்குமே என்று அடக்கிக்கொண்டாள். தான் ஏன் பெட்டியை இடம் மாற்றினாள் என்பதை, இரும்புத் தகரம் ரீங்காரமிட்டதை, பாம்பு சுருண்டுகொண்டதை எல்லாம் மெல்ல மெல்லச் சொன்னாள். சில சொற்கள் அவனுக்குப் பிடிபடவில்லை, திரும்பச் சொன்னாள். அவன் அவள் உதடுகளையே பார்த்தபடி கேட்டான். கல்யாணமான புதிதில்கூட அவன் அப்படிப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. சொல்லி முடித்ததும் அவன் விரலால் பாம்பின் முதுகை லேசாகத் தடவினான். மோட்டார் ஆளு நான், எனக்கு இது தோணலையே என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி எலியை வெந்நீரில் வைத்தார்கள். இந்த முறை இடுக்கியை ஹபீபா பிடித்தாள். சட்டிக்குள் இருட்டில் நாக்கு இரண்டு மூன்று தடவை மின்னியது. ஒன்றும் நடக்காது என்று கையை எடுக்கப் போன நேரத்தில், இத்தனை நாள் தூக்கத்தில் நடப்பதுபோலவே இருந்த அந்தப் பிராணி வில்லிலிருந்து விட்டதுபோலப் பாய்ந்தது. இடுக்கி வெறுமையாக நின்றது. பாம்பு எலியைச் சுற்றி இறுகிக்கொண்டு, வெகுநேரம் சும்மா இருந்து, பிறகு மெதுவாக, அவசரமில்லாமல் விழுங்க ஆரம்பித்தது. இரண்டு பேரும் தரையில் தோளோடு தோள் ஒட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல மூச்சுவிடாமல் பார்த்தார்கள். கடைசியில் எலியின் வால்நுனியும் உள்ளே போனபோது ஜாவித் சிரித்தான். சத்தமான சிரிப்பு. தன் சிரிப்பு எவ்வளவு பலம் என்று அவனுக்குத் தெரியாது.

சாப்பிட்ட பாம்பை இரண்டு நாள் தொடக்கூடாது. திரையை இழுத்துவிட்டு, டீ போட்டு எடுத்துக்கொண்டு கொல்லைப்படியில் வந்து உட்கார்ந்தார்கள். மேற்கே லாரிகள் கிளப்பிய தூசியில் வெயில் மஞ்சளாகக் கரைந்திருந்தது. அவனாகவே குவைத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். கேம்ப்புக்குப் பின்னால் ஒரு பள்ளிவாசல் இருந்ததாம். தினமும் விடியற்காலைத் தொழுகைக்கு அழைக்கும் சுபுஹு பாங்கு கேட்டுத்தான் எழுவானாம். ஒருநாள் தானாக விழிப்பு வந்து பார்த்தால் விடிந்திருந்தது. பாங்கு சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

“பாங்கு சொல்ற மோதினாருக்கு ஒடம்பு சரியில்ல போலன்னு நெனச்சேன். பாவம், பங்களாதேஷ்காரரு. பழம் வாங்கிக்கிட்டுப் பாக்கப் போனேன். அவரு நல்லா, கல்லுக்குண்டு மாதிரி நின்னுக்கிட்டிருக்காரு.”

டீயை ஒரு வாய் குடித்தான். “அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. காசிநாதன்கிட்டகூடச் சொல்லல. பழத்த அவருகிட்டயே குடுத்துட்டு வந்துட்டேன்.”

ஹபீபா அவன் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெயில் அவள் முதுகில் விழுந்து, முகம் நிழலில் இருந்தது. அவள் எழுந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு, இரண்டு படி கீழே இறங்கி, வெளிச்சம் முகத்தில் படும்படி அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“அப்புறம்?” என்றாள்.